பதினோராவது பொட்டு

ஒன்பது மிஷினுக்குத்தான் தேசப்பன் பொட்டு வைத்தான். ரைஸ் குக்கருக்கு வைக்கவில்லை. அது பேசும், பேசுகிற பொருளுக்கு நெற்றி எந்தப் பக்கம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. இப்போது அதன் மூடியில் சந்தனமும் குங்குமமும் ஈரம் காயாமல் இருந்தன.

மறைமலைநகரில் நாலாவது மாடி. சதுரங்கப்பட்டினத்து வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் இந்த வாசலைத் தாண்டினால் வெளிநாடு. எல்லாம் இங்கே குடியிருக்கிற சார், கம்பெனியின் கொரிய அதிகாரி, கப்பலில் வரவழைத்த சாமான்கள். பட்டனெல்லாம் கொரிய எழுத்து. கண்ணாடி அடுப்பு கை வைத்தால் சுடாது, பாத்திரம் வைத்தால் சுடும். கக்கூஸ் கேட்காமலே கழுவிவிடும். கதவுக்குச் சாவி கிடையாது. எண்ணை அமுக்கினால் பாட்டுப் பாடித் திறக்கும். மூன்று மாதமாக இங்கே சமையலும் சுத்தமும் பார்க்கிற தேசப்பன், விசா இல்லாதவனைப்போல் பயந்து பயந்துதான் நடமாடினான்.

அதனால்தான் ஆயுத பூஜையன்று, சார் சென்னைக்குப் போயிருந்த நேரத்தில், சமாதானமாகப் போய்விடலாம் என்று குக்கர் தவிர எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தான். தரை பெருக்கும் ரோபோவுக்குச் சக்கரம் இருந்தது. சக்கரம் இருந்தால் வண்டி. வண்டி என்றால் அடியில் இரண்டு எலுமிச்சம்பழம். அதையும் வைத்தான். சூடம் மட்டும் ஏற்றவில்லை, கூரையிலிருக்கும் புகைமணி கத்தும் என்று.

குக்கர் மூடியிலிருந்த அந்தப் பத்தாவது பொட்டைப் பார்த்துப் பின்வாங்கியதில் முழங்கை பட்டு, குங்குமக் கிண்ணம் இஸ்திரி போட்டு அடுக்கிய வெள்ளைச் சட்டைகளின் மேல் கவிழ்ந்தது. ஐந்து சட்டை. சார் எட்டு மணிக்கு வந்துவிடுவார், இப்போது ஐந்தரை. இந்த வேலையும் போனால் மாமனாரின் படகுதான் கதி, தேசப்பனுக்கோ கரையில் நின்று அலையைப் பார்த்தாலே குமட்டும். வீட்டில் பெண்டாட்டி துர்காவுக்கு ஏழாவது மாசம்.

அந்த நேரம் பார்த்து அவளே போன் பண்ணினாள்.

"இன்னாய்யா, கெளம்பிட்டியா?"

"சட்டைல குங்குமம் கொட்டிக்கிச்சும்மே. மிஷின்ல போட்டுட்டு வந்துர்றேன்."

"பூசை போட்ட மிஷினையா? இன்னிக்கு அதுங்களுக்கு லீவுய்யா. எங்கப்பாவே படகுக்கு மாலையப் போட்டுட்டுத் தூங்கிகினு கீறாரு. கையால தொவை."

"அஞ்சு சட்டைம்மே. வேலை பூடும்."

இருப்பதிலேயே பெரிய பட்டனை அமுக்கினான். வாஷிங் மிஷின் பாடியது. வட்டக் கதவு கடக்கென்று பூட்டிக்கொண்டது. உள்ளே தண்ணீர் இறங்கி, சட்டைகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துப் புரண்டன. கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு ஏறிக்கொண்டே போனது. ஒரு கிண்ணம் குங்குமம் அவ்வளவு சிவக்காது. ஜன்னலில் வெளிச்சம் வடிந்தது. அடுப்புக்கு மேலிருந்த விசிறி தானாக முனகத் தொடங்கியது, அப்புறம் ஃபிரிட்ஜ், அப்புறம் ஹாலில் காற்றைச் சுத்தம் பண்ணுகிற பெட்டி. அந்தப் பெட்டி நாற்றம் பிடித்தால் விளக்கைச் சிவப்பாக்கும். சிவப்பாகியது. மூக்கை நீட்டிப் பார்த்தான்.

சூடம்.

புகைமணி கத்தவில்லை.

சமையலறையில் குக்கர் பேசியது. மெதுவான, மரியாதையான பெண் குரல். போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"யாருய்யா அது, பக்கத்துல பொம்பள?"

"குக்கரும்மே."

"குக்கரா? குக்கரு எதுக்குய்யா உம்பேரைச் சொல்லுது?"

போன் நழுவி விழுந்தது.

கதவுக்கு ஓடினான். எண்ணை அமுக்கினான். பூட்டு பாடவில்லை. மறுபடி அமுக்கினான். விரல் வழுக்கியது. மறுபடி. கைமுட்டியால் இடித்தான். "யாராவது கீறீங்களா? தொறங்க!" நாலாவது மாடி முழுக்கப் பூஜை விடுமுறை.

மூலையில் ரோபோ. சக்கரத்தடியில் பழம் இல்லை.

அப்போது நெற்றியில் ஜில்லென்று பட்டது. அவசரமில்லாத தொடுகை. காலையில் அவன் ஒவ்வொரு மிஷினுக்கும் வைத்த அதே பதனம். முதலில் சந்தனம். அதன் நடுவில், சின்னதாக, குங்குமம்.

பூட்டின் கறுப்புக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. பொட்டு தெரிந்தது. பின்னால் யாரும் தெரியவில்லை.

காலைத் தூக்கப் பார்த்தான். வரவில்லை. வெறும் பாதங்களுக்கு அடியில் உருண்டையாக ஏதோ. குளிர்ச்சியாக. ஒரு காலுக்கு ஒன்று.

வாஷிங் மிஷின் பாட்டை நிறுத்தியது. விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. வீடே கைகட்டி நின்றதுபோல் இருந்தது.

தரையில் கிடந்த போனிலிருந்து துர்காவின் குரல் மட்டும் வந்தது.

"யோவ்... இன்னிக்கு உனுக்கும் லீவுதான்யா. வந்துரு."

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

முதுகுக்குப் பின்னால் யாரோ ஒரு பட்டனை அமுக்கினார்கள்.

டிங்.

தேசப்பனைக் கேட்காமலே அவன் வலது கால் அழுந்தியது. பழம் மெல்ல நசுங்கி, விரலிடுக்கில் சாறு ஓடியது.

பிறகு இடது கால்.