இரும்பனும் ரிப்பன் பாலமும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவின் தையல் கடையில் மெஷின் ஓடாது. அன்று அங்கே டிராகன்தான் கத்தும்.

துணி வெட்டும் பெரிய மேசை அந்த நேரத்தில் காலியாக இருக்கும். அளவுக் கோடு போடுகிற சாக்பீஸால் அதன்மேல் காடும் மலையும் வரைந்துகொள்வார்கள். நூல்கண்டுகள் கோபுரங்கள் ஆகும். விளையாடுகிறவர்கள் ஆளுக்கொரு பட்டன் எடுத்துக்கொள்வார்கள்.

அம்மாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை.

"ஆடி முடிச்சதும் மேசையைச் சுத்தமா துடைக்கணும். நாளைக்கு வெட்டப்போற வெள்ளைத் துணியில டிராகன் வால் ஒட்டியிருந்துச்சு, வாலோட சேர்த்து உங்களையும் தைச்சுடுவேன்."

இந்த ஆட்டத்தில் கதை சொல்வது ஊசியின் வேலை. அவளுக்குப் பதினோரு வயது. ஒல்லியாக இருப்பாள், பேச்சு நறுக்கென்று இருக்கும், போதாததற்குத் தையல்காரர் மகள் வேறு. அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"எதிர்ல ஒரு பூட்டின கதவு. என்ன பண்றீங்க?" என்று அவள் கேட்பாள். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்வான் என்று சொல்ல வேண்டும். கஷ்டமான காரியம் என்றால் இருபது முகமுள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். சின்ன எண் விழுந்தால் வேறு ஏதாவது நடக்கும். பெரும்பாலும் அந்த வேறு ஏதாவதுதான் சிரிப்பாக இருக்கும்.

ஊசியின் அண்ணனுக்கு வக்கீல் என்று பெயர். எல்லா விதிக்கும் எதிர்வாதம் வைத்திருப்பான். ஆட்டத்தில் அவனுடைய ஆள் நிழலன் என்ற திருடன். எந்தப் பூட்டையும் திறப்பான், ஆனால் தண்ணீர் என்றால் நடுங்குவான்.

அடுத்த வீட்டுப் பெண் பஞ்சுவின் தலைமுடி பஞ்சுப் பொதி போல இருக்கும். அவளுடைய ஆள் ஒரு மூலிகைக்காரி. விலங்குகளோடு பேசுவாள். பதற்றம் வந்தால் தும்முவாள்.

அந்த வாரம் புதிதாக, மூன்றாவதாக வந்து சேர்ந்தவன் டமாரம். தெருமுனை மருந்துக்கடைக்காரர் மகன். அவன் ரகசியம் பேசினாலே எதிர்வீட்டுக்குக் கேட்கும்.

"என் ஆள் பேரு இரும்பன்!" என்றான் டமாரம், வந்த உடனே. பட்டன் டப்பாவில் கையை விட்டு, ஓவர்கோட்டுக்குத் தைக்கிற பெரிய பித்தளைப் பட்டனை எடுத்துக்கொண்டான்.

"அவனுக்கு என்ன பலம்?" என்று கேட்டாள் ஊசி.

"எல்லாம்."

"ஒண்ணுதான் சொல்லணும்."

"சரி. எல்லாரையும் அடிக்கிற பலம்."

"அது ஒண்ணா, எல்லாமா?" என்று வக்கீல் எழுந்தான்.

"உக்காரு அண்ணா. டமாரம், பையில என்ன இருக்கு?"

"வாள்."

"கையிலயும் வாள்தானே இருக்கு?"

"அது உடைஞ்சா?"

"சரி. குறை?"

"இல்ல."

"எல்லாருக்கும் ஒரு குறை வேணும்டா. அதான் எங்க விதி."

"இரும்பனுக்குக் கிடையாது" என்றான் டமாரம். கையைக் கட்டிக்கொண்டான்.

முதல் நாள்தானே, போகட்டும் என்று ஊசி விட்டுவிட்டாள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது.

வழியில் ஓர் அரக்கன் வந்தான். இரும்பன் ஒரே குத்து. அரக்கன் காலி.

பூட்டிய கோட்டைக் கதவு வந்தது. வக்கீல் விரல்களைச் சொடுக்கிக்கொண்டு தயாரானான். அதற்குள் இரும்பன் கதவை உடைத்துவிட்டான்.

ஓர் ஓநாய் வந்தது. "நான் அதுகிட்ட பேசறேன்" என்றாள் பஞ்சு.

"தேவையே இல்ல! வாலைப் பிடிச்சு மலைக்கு அந்தப் பக்கம் தூக்கி எறியறேன்!" என்று டமாரம் பகடையை உருட்டினான். பெரிய எண் விழுந்தது. ஓநாய் பறந்தது.

"பாவம்டா, அதுக்குப் பசி. அவ்வளவுதான்" என்றாள் பஞ்சு.

அதோடு அவள் ஆட்டத்தை விட்டுவிட்டாள். டப்பாவைக் கவிழ்த்து, பட்டன்களை நிறவாரியாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

டமாரம் வீட்டுக்குப் போனதும் பஞ்சு எழுந்தாள். "அடுத்த வாரம் நான் வரமாட்டேன். அத்தை வீட்டுக்குப் போறேன்."

"உனக்கு அத்தையே கிடையாதே!"

"தேடிக் கண்டுபிடிச்சுப் போறேன்."

அவள் போனபின் வக்கீல் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "இதுக்கு ஒரே வழிதான். அவன் தலையில ஒரு மலையைத் தூக்கிப் போடு. கதை சொல்றது நீதானே?"

கதையில் மலைக்கு அப்பால் ஊசி ஒரு புது டிராகனை வைத்திருந்தாள். விடுமுறை முழுக்க யோசித்து யோசித்து உருவாக்கியது. அதற்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், தூங்கும்போது எப்படிக் குறட்டை விடும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். இன்னும் யாரும் அதைப் பார்த்ததில்லை. பஞ்சு வராவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். டிராகனை யாருமே பார்க்கப்போவதில்லை.

புதன்கிழமை அம்மாவின் விரலில் ஊசி குத்திவிட்டது. நிஜ ஊசி. பிளாஸ்டர் வாங்கி வரச் சொல்லி மகளை அனுப்பினாள்.

மருந்துக்கடையில் டமாரம் ஸ்டூலில் ஏறி நின்று அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, ஒரே ஒரு குறை சொல்றதுல உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டாள் ஊசி.

"சொன்னா நீ அங்கதானே அடிப்ப?"

"நான் யாரை அடிச்சேன்?"

"நான் சேர்றதுக்கு முன்னாடி எத்தனை வாரம் வாசல்ல நின்னு பார்த்திருக்கேன்! வக்கீல் அண்ணா ஆளுக்குத் தண்ணின்னா பயம்னு உனக்குத் தெரியும். அதனாலதானே போற வழியெல்லாம் ஆறு, குளம், கிணறு, மழைன்னு போட்டுத் தள்ளற? பஞ்சு ஆள் ஒளிஞ்சுக்கற இடத்துல எல்லாம் ஏதாவது பயமுறுத்தி அவளைத் தும்ம வைக்கற. அவ தும்மினதும் எல்லாரும் மாட்டிக்கறாங்க. நானே என் குறையை உன் கையில எடுத்துக் கொடுக்கணுமா?"

ஊசி பிளாஸ்டருக்கான காசை எடுத்து வைத்தாள்.

"டேய், கத்தாதே! மருந்து வாங்க வந்தவங்க காதுக்கும் சேர்த்து மருந்து கேக்கப் போறாங்க" என்றார் உள்ளேயிருந்து அவன் அப்பா.

"நான் மெதுவாத்தான்பா பேசறேன்!" என்று டமாரம் கத்தினான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஊசி தான் போட்ட ஆறுகளை நினைத்துப் பார்த்தாள். நிறையவே இருந்தன. அண்ணன் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்தது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அன்று சாயங்காலம் பஞ்சுவின் வீட்டுக்குப் போய், "இன்னும் ஒரே ஒரு வாரம் வா. பிடிக்கலைன்னா நானே உனக்கு அத்தை தேடித் தர்றேன்" என்று கெஞ்சினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேசையில் ஒரு பக்கம் பட்டன் டப்பா, மறுபக்கம் இஸ்திரிப் பெட்டி. இரண்டுக்கும் நடுவே ஊசி ஒரு நீல ரிப்பனைக் கட்டியிருந்தாள்.

"டப்பா இந்தப் பக்கத்து மலை. இஸ்திரிப் பெட்டி அந்தப் பக்கத்து மலை. நடுவுல கயிற்றுப் பாலம். அதைத் தாண்டினா டிராகன் இருக்கிற இடம்."

"கீழே ஆறுதானே?" என்றான் வக்கீல்.

"ஆறுதான்."

"எனக்குத் தெரியும்! இவளுக்கு ஆற்றை விட்டா வேற..."

"இரு அண்ணா. இந்தத் தடவை ஆறு உன்னைப் பிடிக்க வரல. அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு." ஊசி பஞ்சுவின் பக்கம் திரும்பினாள். "நிழலன் பாலத்து ஓரத்துல நடுங்கிட்டு நிக்கறான். நீ என்ன பண்ணுவே?"

இப்படி ஒரு கேள்வியைப் பஞ்சு எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"அவன் கண்ணைக் கட்டுவேன். ஆட்டுக்குட்டிகிட்ட பேசற மாதிரி பேசிப் பேசிக் கூட்டிட்டுப் போவேன்."

"நான் ஆட்டுக்குட்டியா?" என்றான் வக்கீல்.

"வாடி என் செல்லம், புல்லு தர்றேன் வா."

பகடை உருண்டது. சின்ன எண். நடுப்பாலத்தில் பலமாகக் காற்று வீசியது என்றாள் ஊசி. பஞ்சுவுக்குப் பதற்றம் வந்தது. தும்மினாள். பாலம் ஊஞ்சல் போல ஆடியது.

"அம்மா!" என்று அலறினான் வக்கீல்.

"என்னடா?" என்று உள்ளறையிலிருந்து அம்மா ஓடி வந்தாள்.

"உன்னை இல்லம்மா. நிழலன் அவங்க அம்மாவைக் கூப்பிட்டான்."

"அப்போ அந்த அம்மாவையே வந்து மேசையைத் துடைக்கச் சொல்லு" என்று அம்மா திரும்பிப் போனாள்.

பஞ்சு சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டாள். வக்கீலின் கறுப்புப் பட்டனும் பஞ்சுவின் பூப் போட்ட பட்டனும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அக்கரை சேர்ந்தன.

டமாரமும் சிரித்தான். பிறகு அவன் சிரிப்பு மெல்ல நின்றது. இவ்வளவு நேரம் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நான்?" என்றான்.

"இரும்பனுக்குத்தான் எல்லாம் முடியுமே. நடந்து வா" என்றாள் ஊசி.

டமாரம் பித்தளைப் பட்டனை ரிப்பன்மேல் வைத்தான். ரிப்பன் அப்படியே தொய்ந்து, சாக்பீஸ் ஆற்றைத் தொட்டது.

வக்கீல் வாயைத் திறந்தான். மேசைக்கு அடியில் ஊசி அவன் காலை மிதித்தாள். திறந்த வாய் "ஆ" என்று மட்டும் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

டமாரம் பட்டனை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மறுபடி ரிப்பனில் வைத்தான். மறுபடியும் தொய்ந்தது.

ஒரே தாவலில் இரும்பன் தாண்டிவிட்டான் என்று அவன் சொல்லிவிடலாம். போன வாரம் என்றால் சொல்லியிருப்பான். ஊசி அதற்குக் காத்திருந்தாள். சொன்னால் ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள்.

டமாரம் அக்கரையில் நின்ற இரண்டு பட்டன்களையும் பார்த்தான்.

"ஊசி" என்றான். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. "இரும்பன் ரொம்ப கனம். பாலம் தாங்காது."

"ஓ."

"நீச்சலும் தெரியாது. இரும்பு மிதக்காதே." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "இப்ப பாலத்தை அறுத்துடுவியா?"

"பாலத்துக் கயிறு அறுபடற சத்தம் கேக்குது. ஆனா நான் உன்கிட்ட எதுவும் கேக்கப் போறதில்ல." ஊசி மற்ற இருவரையும் பார்த்தாள். "அக்கரையில இருக்கறவங்களே, உங்க ஆள் விழப்போறான். என்ன பண்றீங்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"கயிறு! என் பையில கயிறு இருக்கு!" என்றான் வக்கீல்.

"போன வாரம் உன் பையில வெங்காயம்தானே இருந்துச்சு?" என்று கேட்டாள் ஊசி.

"அப்போ கோட்டையிலிருந்து திருடினது! நான் திருடன், எனக்கு உரிமை இருக்கு!"

"கயிறு சரி. இரும்பனை இழுக்க உங்க ரெண்டு பேர் பலம் போதாதே" என்றாள் ஊசி.

பஞ்சு நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டாள். "ஓநாய்! நான் ஓநாயைக் கூப்பிடறேன்!"

"எந்த ஓநாய்?"

"இவன் தூக்கி எறிஞ்சானே, மலைக்கு அந்தப் பக்கம்! இப்ப நாங்களும் அந்தப் பக்கம்தானே இருக்கோம்?"

ஊசி இதை யோசிக்கவே இல்லை. "ஓநாய் வருது. நொண்டிக்கிட்டே வருது. இரும்பனைப் பார்த்ததும் உர்ருங்குது."

"என்ன சொல்லுது? என்ன சொல்லுது?" என்றான் டமாரம்.

பஞ்சு காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதுபோல நடித்தாள். "முதல்ல மன்னிப்புக் கேக்கணுமாம்."

"மன்னிச்சுடு ஓநாயே!" என்று டமாரம் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"உருட்டு!"

"யார் உருட்டறது?"

"மூணு பேரும்" என்றாள் ஊசி.

மூன்று கைகள் சேர்ந்து ஒரு பகடையை உருட்டினால் அது மேசையில் நிற்குமா? துள்ளிப் போய்த் தையல் மெஷினுக்கு அடியில் விழுந்தது. நான்கு பேரும் தவழ்ந்துகொண்டு உள்ளே நுழைந்தார்கள். நான்கு தலைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

"பதினேழு!"

ஓநாய் இழுத்தது. மூலிகைக்காரி இழுத்தாள். இரும்பனின் கையைப் பிடிக்க நிழலன் தண்ணீரின் விளிம்பு வரை இறங்கினான். அதை வக்கீல் தானாகவேதான் சொன்னான், யாரும் சொல்லச் சொல்லவில்லை. பித்தளைப் பட்டன் இஸ்திரிப் பெட்டியின்மேல் ஏறி நின்றது.

"நேரமாச்சு, துடைங்க!" என்றாள் அம்மா.

எல்லோரும் ஈரத்துணியால் காட்டையும் ஆற்றையும் துடைத்தார்கள். டமாரம் ஊசியின் பக்கத்தில் வந்து நின்றான்.

"என் ஆளுக்குக் குறை கனம்னு வெச்சுக்கோ."

"சரி."

"நீச்சல் தெரியாதுங்கறதையும் சேர்த்துக்கோ. அப்புறம் ஓநாயைப் பார்த்தாக் கொஞ்சம் கூச்சம். இருட்டுன்னாலும்..."

"ஒண்ணுதான் அனுமதி!" என்று வக்கீல் எழுந்தான். "ஒரு ஆளுக்கு ஒரு குறை. அதான் விதி."

"அது எப்படி ஒண்ணு போதும்?" என்று சண்டைக்கு நின்றான் டமாரம்.

ஊசி பஞ்சுவைப் பார்த்தாள். "அடுத்த வாரம் அத்தை வீடா?"

"அத்தை கிடைக்கல" என்றாள் பஞ்சு, பட்டன்களை டப்பாவில் அள்ளிப் போட்டபடி.

திங்கட்கிழமை காலை அம்மா வெள்ளைத் துணியை எடுத்து வந்தாள். மேசை சுத்தமாக இருந்தது. இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால், ஒரு மூலையில் மட்டும் சாக்பீஸால் வரைந்த வால்நுனி ஒன்று சுருண்டு கிடந்தது.

அம்மா ஈரத்துணியை எடுத்தாள். கொஞ்ச நேரம் அந்த வாலைப் பார்த்தாள். பிறகு துணியைக் கீழே வைத்துவிட்டு, வால்மேல் படாதபடி வெள்ளைத் துணியைச் சற்றுத் தள்ளி விரித்தாள்.