ஆறு மணிப் போத்தல்

வெள்ளவத்தையிலிருந்த அந்த ஆய்வுகூடத்துக்கு, கல்கிசைப் பத்மாவதி மூன்றாம் முறையாக வந்திருந்தாள். கையில் அதே அறிக்கை. பக்கத்தில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு பதின்மூன்று வயது மகள் சிவமணி.

"மார்பில கான்சர் எண்டு வெட்டி ஒரு வருசம். எலும்புக்குப் பரவீற்றுதோ எண்டு பாக்கத்தான் இந்தச் சிறுநீர்ச் சோதனை. நாலு மடங்கு கூட எண்டு கிடக்கு. இவளைக் கனடாவுக்கு, தம்பியிட்ட அனுப்பப்போறன். ஆனா எனக்கு ஒரு நோவும் இல்லை. மனம் ஒரு இடத்தில நிக்குதில்லை," என்றாள் பத்மாவதி.

தலைமைப் பரிசோதகர் நவரத்தினம் லேசில் எதையும் நம்பமாட்டார். உதவியாளர் ஸமீமா எதையும் உடனே நம்பிவிடுவாள். எலும்பு கரைந்தால் சிறுநீரில் ஹைட்ரொக்சிபுரோலின் என்ற பொருள் ஏறும். ஜெலி, ஆட்டுக்கால் சூப் சாப்பிட்டாலும் ஏறும்.

"சேர், ஜெலி திண்டிருப்பாங்க!" என்றாள் ஸமீமா.

"நீங்கள் சொன்னபடி சோதனைக்கு முந்தின மூண்டு நாளும் சோறும் மரக்கறியும்தான்," என்றாள் பத்மாவதி.

நவரத்தினம் பதிவேட்டைப் புரட்டினார். சிறுநீர் எடுத்தது காலை ஆறு மணி. ஒப்படைத்தது ஒன்பதரை. கொண்டுவந்தவர் மகள். அந்தப் பக்கத்தில் மட்டும் மை ஈரத்தில் ஊறியிருந்தது.

"போத்தலை வாங்கினது நீர்தானே, ஸமீமா?"

"ஓம் சேர். சூடா இருந்திச்சு. வெயில்ல வந்த சூடெண்டு நெனச்சன்."

"அண்டைக்கு மழை. ஈரக் குடையை இதுக்கு மேல வைச்சிருக்கினம். மூண்டரை மணித்தியாலம் மழையில வந்த போத்தல் சூடா இருக்காது. அது இங்க வைச்சு நிரப்பினது." அவர் பார்வை சிவமணியின் சட்டை விளிம்புக்குப் போனது. மடிப்பு அவிழ்த்த கோடுகள் இரண்டு தெரிந்தன. "ஒரு வருசத்தில நல்லா உயர்ந்திட்டாய், பிள்ளை. அம்மாவின்ர போத்தலுக்கு என்ன நடந்தது?"

சிவமணி விம்மினாள். "தெகிவளைச் செக்கிங்கில ஆமிக்காரன் என்னெண்டு கேட்டான். எனக்குச் சிங்களத்தில சொல்லத் தெரியேல்லை. கீழ ஊத்தச் சொன்னான். கிளினிக் நாள் தவறிப்போகுமெண்டு பயந்து, இங்க பாத்ரூமில..."

பத்மாவதி கையை ஓங்கினாள். "இரண்டு கிழமையா ஏனடி வாய் திறக்கேல்லை?"

மகள் தாயைப் பார்க்கவில்லை. "அங்கிள், அப்ப அந்தக் கான்சர் வருத்தம் எனக்கோ?"

ஓங்கிய கை அவள் தலையில் மெல்ல இறங்கியது. பத்மாவதிக்கு அழுகை வந்துவிட்டது.

"இல்லை மகள்," என்றார் நவரத்தினம். "வளருற எலும்பு கரைஞ்சு கரைஞ்சுதான் புதுசாக் கட்டும். உன்ர வயசுக்கு இந்தக் கணக்குச் சரி." பிறகு புதுப் போத்தலொன்றைத் தாயிடம் நீட்டினார். "உங்கட எலும்பை இன்னும் ஒருத்தரும் பாக்கேல்லை. திரும்பவும் மூண்டு நாள் மரக்கறி சாப்பிட்டு, நாலாம் நாள் விடிய இங்கயே வந்து குடுங்கோ."

அந்த நாலு நாளும் ஸமீமாவுக்கே சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் வந்த எண் வழமையான அளவுக்குள் நின்றது.

பத்மாவதி அறிக்கையை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு குனிந்து, மகளின் சட்டை விளிம்பைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதில இனி அவிழ்க்க மடிப்பில்லை," என்றாள். "அடுத்த தவணைக்குப் புதுச் சட்டை தைக்கவேணும்."