அறுபத்தெட்டு கிலோ

காலையில் பல் தேய்த்த கையோடு எடைக்கருவியில் ஏறி நிற்பது செண்பகவல்லியின் வழக்கமாகி ஐந்து மாதம் ஆகிறது. இன்று அறுபத்தாறரை. இன்னும் ஒன்றரை ஏற வேண்டும். ஊரில் மற்றவர்களெல்லாம் எடையைக் குறைக்க நடக்கிறார்கள். இவளோ மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் படிகளில் நாற்பது முறை ஏறி இறங்குவாள். வீட்டுக்கு வந்து நல்லெண்ணெய் வழிய வழிய உளுந்தங்களி நாலு உருண்டை தின்பாள். தனுஷ்கோடியின் முகத்தை நினைத்துக்கொண்டால் ஐந்தாவதும் இறங்கும்.

பிறகு மேசையில் வழிவரைவியை விரிப்பாள். அந்தத் திரையில் மலை பச்சைக் கோடுகளாக எழும்பும். வனவாசலில் தொடங்கி வனவாசலிலேயே முடியும் பத்தொன்பது கிலோமீட்டர் சுற்று. ஓடை எங்கே, அட்டைக்காடு எங்கே, மதியத்துக்கு மேல் மேகம் இறங்கும் முகடு எது என்று எல்லாம் குறித்தாகிவிட்டது. மேற்குப் பக்கம் பதின்மூன்று கிலோமீட்டர், நீளம் என்றாலும் சாய்வு குறைவு. கிழக்குப் பக்கம் ஆறே கிலோமீட்டர், ஆனால் சுவர் போல ஏறுகிறது. இரண்டும் சேரும் இடம் கூகைப்பாறை.

வனவாசல் பதிவாளர் மெர்சி வரைபடத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"செங்குத்துப் பக்கத்த நீங்க எடுத்துக்கிட்டு, லேசான பக்கத்த அந்த ஆளுக்கு விடுதீங்களேக்கா. மனசு எறங்கிட்டா?"

"அப்படியே வச்சுக்கோ."

"பெரிய மனசுதான் ஒங்களுக்கு."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அமைதிச் சட்டம் வந்து இருபது வருடமாகிறது. வாசலுக்கு அப்பால் போன் கிடையாது, டிரோன் கிடையாது, மனிதனைத் தேடி வரும் எந்த இயந்திரமும் கிடையாது. காட்டைக் காட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். மனிதனுக்கு மிஞ்சியது எதிர்நடை. ஒரே சுற்றில் இருவர் ஆளுக்கொரு திசையில் கிளம்ப வேண்டும். நடுவில் சந்தித்து, நலம் கேட்டு, கடந்து போக வேண்டும். எதிராள் நடக்க முடியவில்லை என்று சொன்னால் அந்தச் சொல்லே முடிவு. மற்றவர் சுமந்தாவது வாசலில் சேர்க்க வேண்டும். தனியாகத் திரும்பியவர், சுமந்திருக்கவே முடியாது என்று நிரூபித்தால் ஏழு வருடத் தடையோடு தப்பலாம். அதுவும் ஒரே ஒரு முறைதான்.

அந்த ஒரு முறையைத் தனுஷ்கோடி அவளுடைய தம்பிமேல் செலவழித்துவிட்டான்.

நல்லபெருமாளுக்குக் கூகைப்பாறையில் கால் முறிந்தது. எதிராளாகப் போன தனுஷ்கோடி தனியாக இறங்கி வந்தான். "அறுபத்தெட்டு கிலோ ஆளு. கிழக்குச் சரிவுல அவனத் தூக்கிட்டு இறங்க மனுசனால முடியாது" என்று விசாரணையில் சொன்னான். விசாரித்த மூன்று பேரும் தலையாட்டி ஒப்புக்கொண்டார்கள். தேடிப் போனவர்கள் மேகத்தில் வழி தவறி மூன்றாம் நாள்தான் பாறையை அடைந்தார்கள். தம்பி கைக்கெட்டும் தூரத்துப் புல்லையெல்லாம் பிடுங்கித் தின்றிருந்தான்.

இப்போது தடை முடிந்தது. காட்டில் நடக்கும் உரிமம் மறுபடி வேண்டுமென்றால், இழந்த குடும்பம் வரையும் சுற்றில், அந்தக் குடும்பத்தவரையே எதிராளாக வைத்து அவன் ஒருமுறை நடந்து காட்ட வேண்டும். செண்பகவல்லி ஏழு வருடம் காத்திருந்தது இதற்குத்தான்.

குறித்த நாளில் விடிந்ததும் வாசலில் இருவரையும் நிறுத்து எடையைப் பதிவேட்டில் எழுதினாள் மெர்சி. மேற்கே அவன் போனான். கிழக்கே இவள் ஏறினாள். முழங்கால் இரண்டும் கெஞ்சின. இவள் கொஞ்சமும் இரங்கவில்லை. பத்து மணிக்குக் கூகைப்பாறையில் தம்பி கிடந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கேயே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

அரை மணி கழித்துத் தனுஷ்கோடி வந்தான். காதோரம் நரைத்திருந்தது.

"நல்லாருக்கீங்களாக்கா?" என்று முறைப்படி கேட்டான்.

"என்னால நடக்க முடியல."

"எங்க அடி?"

"எங்கயும் இல்ல. முடியலன்னு சொல்லுதேன்ல, அது போதும். சட்டம் ஒனக்குத் தெரியாததா?"

அவன் அவளையும் அவள் உட்கார்ந்திருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என் எடை என்னன்னு கேளு."

அவன் கிழக்குச் சரிவை எட்டிப் பார்த்தான்.

"அறுபத்தெட்டு. பதிவேட்டுல இருக்கு. சாப்பாடு கொண்டாரல, தண்ணியும் தீந்துட்டு. எந்திரிக்கவும் மாட்டேன். விட்டுட்டுப் போறதுன்னா போ, ஒனக்குத்தான் பழக்கமாச்சே."

விட்டுப் போனால் அவனுக்கு ஆயுளுக்கும் காடில்லை. சுமந்து இறங்கினால் அன்றைக்குச் சொன்னது பொய். எது நடந்தாலும் சரி என்றுதான் அவள் வந்திருந்தாள். தம்பி பிடுங்கிய புல் இந்த ஏழு வருடத்தில் நன்றாக வளர்ந்திருந்தது.

தனுஷ்கோடி தன் பையைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தான்.

கிழக்குச் சரிவின் முதல் கிலோமீட்டரில் நான்கு முறை இறக்கி வைத்தான். இரண்டாவதில் வழுக்கி விழுந்து முழங்கை கிழிந்தது. அவன் மூச்சு இரைக்க இரைக்க இவளுக்கு உள்ளே குளிர்ந்தது. வலிக்கட்டும், நன்றாக வலிக்கட்டும். வேண்டுமென்றே உடம்பைத் தளர்த்தி, முழுப் பாரத்தையும் அவன் கழுத்தில் தொங்கவிட்டாள். பதினெட்டு முறை இறக்கினான், பதினெட்டு முறையும் தூக்கினான். வெயில் சாய்வதற்குள் கீழே வனவாசலின் தகரக் கூரை தெரிந்தது.

அங்கே நின்றான். முகம் திருப்பாமலே பேசினான்.

"அன்னைக்கே முடிஞ்சிருக்கும்க்கா. மேகம் எறங்குனதும் பயந்துட்டேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவ்வளவு களியும் தின்றாள். கிடைத்துவிட்டது. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, நெஞ்சின் ஏதோ ஒரு மூலை அந்த மூன்று பேரை இத்தனை நாளும் நம்பித்தான் இருந்திருக்கிறது. யாராலும் முடியாது, அதனால் அவன் செத்தான் என்று நினைத்த இரவுகளில் அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. இனி அது வராது. நல்லபெருமாள் இதே பாதையில், இப்படி ஒரு முதுகில், அன்றைக்கே வீடு வந்திருப்பான்.

"எறக்கி விடு" என்றாள்.

இறக்கினான். இரண்டடி வைத்தாள். கால் நிற்கவில்லை, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால நடக்க முடியல" என்றாள்.

வாசலுக்கு இன்னும் இருநூறு அடிதான். தனுஷ்கோடி ஒன்றும் கேட்காமல் மறுபடி குனிந்தான்.