எங்கள் இருவருக்கும் ஒரே சொல்

"சட்டையைப் போட்டுக்கோன்னா போட்டுக்க வேண்டியதுதானே! இதுல உன் கௌரவம் என்ன கெட்டுப்போச்சு?"

பெத்சபேயின் குரல் காலையிலேயே சமையலறை வரை வந்துவிட்டது. எடெல்மிரா எண்ணெயில் கிடந்த அரேபாவைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சோள அடையின் வயிற்றைக் கீறி முட்டையை ஊற்றி மறுபடி பொரிக்கிற நேரத்தில் கவனம் தவறினால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். ஆனால் அந்த வீட்டில் அவளுக்கு எண்ணெயை விட நாத்தனாரின் குரல்தான் பயம்.

தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மேஜை முழுவதும் நீலச் சட்டைகள். ஒவ்வொன்றின் மார்பிலும் ஒரே வாசகம்: 'நாங்கள் நித்தியக் குழந்தைகள்.' பரான்கீயா நகரில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக பெத்சபே நடத்தும் சங்கத்துக்கு அன்று மதியம் ஆண்டு விழா. கோவில் மண்டபம் பிடித்தாயிற்று, பாதிரியாருக்கும் சொல்லியாயிற்று. எடெல்மிராவின் மகள் யமிலே மேடையில் பேசுவதாக ஏற்பாடு.

யமிலே மேஜையின் மறுபக்கம் நின்றிருந்தாள். கால்நடை மருத்துவம் படிக்கிற பெண். யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டாள். பேசினால் சுற்றி வளைக்க மாட்டாள்.

"சட்டை பிரச்சினை இல்ல அத்தை. அதுல எழுதியிருக்கிறதுதான் பிரச்சினை. எனக்கு இருபது வயசு. நான் குழந்தை இல்ல. நித்தியமும் இல்ல, ஒரு நாள் செத்துப்போவேன்."

"மாதாவே! காலங்காத்தால இவ வாயைப் பாரு!" பெத்சபே சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அப்புறம் நீங்க என்னைப் பேசச் சொன்னது. 'நான் ஆட்டிசத்தால் அவதிப்பட்ட பெண், கடவுள் அருளால் அதை ஜெயித்தேன்'னு. நான் அவதிப்படறது பக்கத்து வீட்டு ஸ்பீக்கரால. ஆட்டிசத்தால இல்ல. எதையும் ஜெயிக்கவும் இல்ல. நான் ஆட்டிஸ்டிக். அப்படித்தான் சொல்லுவேன்."

"அந்த வார்த்தையை இந்த வீட்ல சொல்லாதே!" பெத்சபேயின் உள்ளங்கை மேஜையில் விழுந்தது. "ஆட்டிசம் உள்ளவள்னு சொல்லு. முதல்ல மனுஷி, அப்புறம்தான் அது! இதை ஊர் வாயில வரவழைக்க நான் எத்தனை பள்ளிக்கூடம் ஏறி இறங்கினேன் தெரியுமா? 'இந்த ஆட்டிஸ்டிக்கைக் கூட்டிட்டுப் போம்மா'ன்னு என் பையனை வாசல்ல விட்டுக் கதவைச் சாத்தினாங்க. உனக்கு அந்த வார்த்தை நகை மாதிரி இருக்கு. எனக்கு அது கன்னத்துல விழுந்த அறை!"

அவள் மகன் நெஃப்தலி கூடத்து மூலையில், ஃபிரிட்ஜில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தான். இருபத்தாறு வயது. மழித்தாலும் அடர்ந்து முளைக்கும் தாடி, அகன்ற தோள். பேச்சு வராது, பசித்தால், தாகம் எடுத்தால் டேப்லெட்டில் படத்தைத் தொட்டுக் காட்டுவான். ஃபிரிட்ஜின் அதிர்வு முதுகில் ஏறுவது அவனுக்குப் பிடிக்கும். குரல்கள் உயர்ந்ததும் காதுகளைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணி... கொஞ்சம் மெதுவா... அவன் பயப்படறான்..." என்றாள் எடெல்மிரா.

அவ்வளவுதான். பெத்சபே அவள் பக்கம் திரும்பினாள்.

"என் பையனைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? எல்லாம் நீ குடுக்கிற இடம்! உன் மக பேசுறா, காலேஜ் போறா. அந்தத் திமிரு உனக்கு! நீ சொன்னதை நான் மறந்துட்டேன்னு நினைச்சியா? 'என் பொண்ணுக்கு ஆஸ்பெர்கர்தான், நெஃப்தலிக்கு இருக்கிற மாதிரி இல்ல, அவன் வேற ரகம்'னு சொன்னவதானே நீ! என் புருஷன் என்னை விட்டுட்டுப் போன அதே மாசம்!"

மேஜைக் கோடியில் கறுப்புக் காபியைக் குடித்துக்கொண்டிருந்த எடெல்மிராவின் கணவன் அர்னுல்ஃபோ, கோப்பைக்குள் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டான்.

யமிலே மட்டும் முதல் தடவையாக நிமிர்ந்து அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு அறைக்குள் போய்விட்டாள்.

எடெல்மிரா பின்னாலேயே ஓடினாள். மகள் கட்டிலில் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"யமிலே..."

"நீ சொன்னியா?"

"அது... பழைய கதை கண்ணு..."

"பழசா புதுசான்னு கேக்கல. சொன்னியா இல்லியா?"

இந்தப் பெண்ணிடம் பொய் சொல்லி எடெல்மிராவுக்குப் பழக்கமில்லை. அவள் கேட்டால் பதில் ஆம், இல்லை என்றுதான் இருக்க வேண்டும்.

"இல்ல. நான் சொல்லல."

"அப்போ யாரு?"

வெளியே பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எடெல்மிரா உதட்டைக் கடித்துக்கொண்டாள். போர்வைக்குள்ளிருந்து சின்னக் குரல் வந்தது. "அப்பா."

பல வருஷங்களுக்கு முன் டாக்டர் யமிலேயின் காகிதத்தில் ஆஸ்பெர்கர் என்று, பேச்சுத் தடையில்லாத ஆட்டிசத்துக்கு அப்போது இருந்த பெயரை, எழுதியபோது அர்னுல்ஃபோவுக்குத் தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது. சொந்தக்காரர்கள், கடைக்காரர்கள், யாரைப் பார்த்தாலும், "என் பொண்ணுக்கு இருக்கிறது புத்திசாலிகளுக்கு வர்றது. அக்கா பையன் மாதிரி இல்ல" என்றான். பேச்சு பெத்சபே காதுக்குப் போயிற்று. அவள் அழுதுகொண்டே வந்து தம்பியின் சட்டையைப் பிடித்தாள். பயந்துபோனவன் சொன்னான்: "நான் இல்லக்கா... எடெல்மிராதான் அப்படிச் சொல்லிட்டிருக்கா."

சமையலறை வாசலில் நின்று எடெல்மிரா அதைக் கேட்டாள். மறுத்திருக்கலாம். ஆனால் புருஷனால் கைவிடப்பட்டு, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது இந்தத் தம்பி ஒருவன்தான். அவனும் இப்படி நினைக்கிறான் என்று தெரிந்தால் எங்கே போவாள்? எடெல்மிரா வாயை மூடிக்கொண்டாள். சங்க வேலையாகப் பெத்சபே ஊர் ஊராகச் சுற்ற, நெஃப்தலியைக் குளிக்கவைப்பது, தாடி மழிப்பது, அவன் கையைக் கடித்துக்கொள்ளும் நாட்களில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது எல்லாம் இவள் தலையில் விழுந்தன. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையையும் விட்டாள். "குத்துற மனசாட்சிக்குத்தான் செய்யறா" என்று பெத்சபே பிறரிடம் சொன்னதும் இவள் காதில் விழுந்தது. அதையும் விழுங்கிக்கொண்டாள்.

"அம்மா," என்றாள் யமிலே. "நீ செஞ்சது நல்லதுன்னு நினைக்கிறியா?"

"அப்போ நினைச்சேன்."

"எனக்குப் பிடிக்கல. அத்தை என்னைத் திட்டுறது ஏன்னு இத்தனை வருஷம் எனக்குப் புரியல. நான்தான் ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிறேன்னு நினைச்சேன். எப்பவும் அப்படித்தான் நினைப்பேன். ஆனா இந்தத் தடவை நான் தப்பாப் புரிஞ்சுக்கல, எனக்கு யாருமே சொல்லல."

அந்த வார்த்தை எடெல்மிராவின் நெஞ்சில் தைத்தது. தான் தாங்கியதாக நினைத்த பாரம் மகளின் தோளிலும் ஏறியிருந்ததா! தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு கணவனிடம் போனாள்.

"அர்னுல்ஃபோ, இன்னைக்கு நீ உண்மையைச் சொல்லணும்."

"மிரா... விழா நாளும் அதுவுமா... இத்தனை வருஷம் பொறுத்தே..."

"பொறுத்தேன். இனிமே முடியாது. நீ சொல்லு. இல்லேன்னா உங்க அக்கா அடுத்த தடவை வாயைத் திறக்கறப்போ நான் சொல்லுவேன். யார் முன்னாலேன்னு பார்க்க மாட்டேன்."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனைக் கலக்கியது.

மதியம் மண்டபம் நிரம்பிவிட்டது. எங்கு பார்த்தாலும் நீலச் சட்டை, பலூன், ஒலிபெருக்கியில் பாட்டு. மின்விசிறிகள் சுற்றியும் வெயில் அடங்கவில்லை. யமிலே தன் பழைய பச்சைச் சட்டையில், காதுகளில் சத்தம் தடுக்கும் கருவியோடு கதவருகே நின்றாள்.

பெத்சபே மைக்கைப் பிடித்தாள். "இதோ என் உயிர்! இருபத்தாறு வயசானாலும் என்னைக்கும் என் கைக்குழந்தை! நேனே, பாப்பா... மேல வா ராஜா!"

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையிலிருந்த நெஃப்தலி அசையவில்லை. "நேனே! அம்மாகிட்ட வா, பாப்பா!" மறுபடி கைதட்டல், விசில், பாட்டு. அவன் உடம்பு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. கை வாய்க்குப் போனது. பற்கள் சதையில் பதிந்தன. "ஐயோ பாவம்..." என்று யாரோ சொன்னார்கள். பெத்சபேயின் சிரிப்பு முகத்திலேயே உறைந்தது.

எடெல்மிரா எழுவதற்குள் யமிலே நடந்துவிட்டாள். ஒலிபெருக்கியின் வயரை நேராகப் பிடுங்கினாள். மண்டபம் திடுக்கிட்டு அடங்கியது. அவள் நெஃப்தலியிடமிருந்து இரண்டு அடி தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை. காத்திருந்தாள். ஆட்டம் குறைந்ததும் தணிந்த குரலில், "நெஃப்தலி" என்றாள்.

அவன் கையை வாயிலிருந்து எடுத்தான்.

"நெஃப்தலி, மேடைக்குப் போகணுமா, வெளிய போகணுமா?" டேப்லெட்டை நீட்டினாள். அவன் கதவுப் படத்தைத் தொட்டான். எழுந்தான். யாரும் பிடித்து இழுக்காமல், தலை நிமிர்ந்து, தானாக வெளியே நடந்தான். வளர்ந்த ஒரு ஆண் நடந்து போவதை அந்தக் கூட்டம் முதல் தடவையாகப் பார்த்தது. எடெல்மிரா ஜாடை காட்ட, அர்னுல்ஃபோ பின்னால் போனான்.

யமிலே மைக் இல்லாமலே பேசினாள். பார்வை சுவரில் இருந்தது.

"நான் பேசணும்னு சொன்னாங்க, பேசறேன். என் பேர் யமிலே. நான் ஆட்டிஸ்டிக். என் அத்தை பையனும் ஆட்டிஸ்டிக். டாக்டர் எனக்கு வேற பேர் ஒண்ணு எழுதினாங்க. அந்தப் பேர் என்னை மேல நிக்க வெச்சு, அவனைக் கீழ தள்ளிச்சு. அதனால எனக்கு அது வேண்டாம். பேச முடியாத அன்னைக்கு நானும் படத்தைத்தான் தொடறேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சொல் போதும்."

பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தாள். "எனக்கு அந்தச் சொல் பிடிக்கல பெண்ணே! என் மகளுக்கு ஆட்டிசம் இருக்கு. அவ ஆட்டிசம் இல்ல. நான் அப்படித்தான் சொல்லுவேன்!"

"உங்க மகளுக்கு எது பிடிக்கும்?"

"அவளுக்கு... அவ சொல்ல மாட்டா."

"அப்போ அவ சொல்ற வரைக்கும் நீங்க சொல்றதைச் சொல்லுங்க. நான் வேற சொல்லிக்கிறேன், சண்டை இல்ல. ஆனா தேவதைன்னும் பாப்பான்னும் சொல்லாதீங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. அது எல்லாருக்கும் பொருந்தும்."

கூட்டம் முணுமுணுத்தது. ஒரு இளைஞன் கைதட்டப் போய், சத்தம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் உயரத் தூக்கி விரல்களை மட்டும் ஆட்டினான். இன்னும் சிலரும் ஆட்டினார்கள். எல்லோரும் இல்லை.

மண்டபத்தின் பின்முற்றத்தில், பாதாம் மர நிழலில் நெஃப்தலி அமைதியாக, அதிர்ந்துகொண்டிருந்த ஐஸ் பெட்டியில் சாய்ந்து நின்றான். அங்கேதான் பெத்சபே எடெல்மிராவைப் பிடித்தாள்.

"திருப்தியா? ஊர் முன்னால என்னைத் தலைகுனிய வெச்சுட்டீங்க! என் வாழ்க்கையே இந்தச் சங்கம்! எல்லாம் நீ சொல்லிக் குடுத்தது. அன்னைக்கு ஒரு வார்த்தை, இன்னைக்கு ஒரு நாடகம்!"

எடெல்மிரா இந்தத் தடவை தலை குனியவில்லை. கணவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"அக்கா..." அர்னுல்ஃபோ முந்திக்கொண்டான். "அவ சொல்லல. அன்னைக்குச் சொன்னது நான். மாட்டிக்குவேன்னு பயந்து பழியை அவ மேல போட்டேன்... அவ ஒரு வார்த்தை மறுக்கல."

பெத்சபேக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தம்பியின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி... ஏன்டி சொல்லல? வருஷக்கணக்கா உன்னை விஷமா நினைச்சேனே... என் பிள்ளைக்குச் செஞ்சதையெல்லாம் கூட..."

"உங்களுக்குத் தம்பி ஒருத்தன்தான் இருந்தான் அண்ணி."

"நீ இருந்தியேடி! நீ இருந்தியே!" பெத்சபே வெடித்து அழுதாள். எடெல்மிராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அத்தனை வருஷத்தில் முதல் தடவை. எடெல்மிராவின் கண்ணீரும் அந்த நீலச் சட்டையை நனைத்தது. யமிலே கட்டிப்பிடிக்கிற ரகமில்லை. கொஞ்சம் தள்ளி நின்று காத்திருந்தாள்.

பெத்சபே மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "நீ ஆஸ்பெர்கர் வேண்டாம்னது... அவனுக்காகவா?"

"எனக்காகவும்தான்."

"என் வாயில அந்தச் சொல் வராதுடி. ஆட்டிசம் உள்ளவன்னுதான் வரும்."

"சரி அத்தை. என்னை மட்டும் நான் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"முயற்சி பண்றேன்" என்றாள் பெத்சபே. எடெல்மிராவின் கையை விடாமல், "நாளைக்குக் காலைல நீ எழுந்திருக்காதே. அவனை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

"நாளைக்கு மட்டும் இல்ல அண்ணி." எடெல்மிரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை, தயக்கமும் இல்லை. "திங்கட்கிழமையிலிருந்து நான் வேலை தேடப் போறேன். காலைல நீங்க, சாயங்காலம் உங்க தம்பி. நெஃப்தலிக்குத் தாடி மழிக்க உங்க தம்பிக்கு நான் கத்துக்குடுக்கிறேன், நெஃப்தலி தானே மழிச்சுக்கிற நாள் வரைக்கும் செய்யட்டும். மத்தியானம் நான் வந்துடுவேன். நெஃப்தலி எனக்கும் பிள்ளைதான், அது மாறாது."

அர்னுல்ஃபோ சிவந்த கன்னத்தைத் தடவியபடி தலையாட்டினான். பெத்சபே தன் மகன் பக்கம் போனாள். அவன் நிற்பதைப்போலவே ஐஸ் பெட்டியில் முதுகைச் சாய்த்து, அவன் பக்கத்தில், எதுவும் பேசாமல், நின்றாள்.