வெளியே நிற்கும் சாம்பல் ஆள்

ஜனவரி 14, புதன்கிழமை. மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், கீவினா தீபகற்பத்தில் ஒரு தொடக்கப் பள்ளி பனிப்புயல் காரணமாக மதியம் ஒரு மணிக்கே மூடப்பட்டது.

மணி அடித்த நேரத்தில் மழலையர் வகுப்பில் கதை நடந்துகொண்டிருந்தது. புதன்கிழமைகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கீழே இறங்கி வந்து, ஆளுக்கு ஒரு குட்டிப் பிள்ளையுடன் ஜோடியாக உட்கார்ந்து படிப்பார்கள். ஐந்தாம் வகுப்புச் சிறுமி லெம்பியின் ஜோடி ஆர்வோ. அவனுக்கு ஐந்து வயது. முன்பல் இரண்டும் இல்லை.

முதலில் வகுப்பு டீச்சர் மிஸ் ஹார்யு பெரிய புத்தகத்திலிருந்து ஒரு மாயக் கதை படிப்பார். அன்றைய கதையில் காட்டுக்குள் ஒரு குடிசை இருந்தது. அதில் ஒரு சிறுமி தனியாக இருந்தாள். வெளியே பனி கொட்டியது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

*டொக். டொக். டொக்.*
*யார் அங்கே?*
*நான்தான். கதவைத் திற.*

இந்த மூன்று வரிகளும் பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வந்தன. மிஸ் ஒரு குச்சியை வார்த்தைகளுக்கு அடியில் நகர்த்திக்கொண்டே போக, பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள். எழுத்து தெரியாத பிள்ளையும் இப்படிச் சொல்லிச் சொல்லியே வார்த்தையைக் கண்டுபிடித்துவிடும். ஆர்வோ அன்றுதான் தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு வரியைத் தானாக வாசித்தான். விரலை வைத்து, "யார்... அங்கே" என்றான். அப்புறம் லெம்பியைத் திரும்பிப் பார்த்தான். பல் இல்லாத வாய் முழுக்கச் சிரிப்பு.

பக்கத்தில் கம்பளித் துணி ஒட்டிய பலகை ஒன்று நின்றது. அதில் துணியில் வெட்டிய குடிசை, கதவு, சிறுமி எல்லாம் ஒட்டியிருந்தன. கதவுக்கு வெளியே ஒரு சாம்பல் நிற உருவம் நின்றது. அதற்கு ஒரு கை இருந்தது. முகம் இல்லை. வந்தது யார் என்று பிள்ளைகளே ஊகிக்கட்டும் என்று மிஸ் முகத்தை வெட்டாமல் விட்டிருந்தார். பிள்ளைகள் அதற்குச் சாம்பல் ஆள் என்று பெயர் வைத்தார்கள்.

முக்கியமான இடம் வந்ததும் மிஸ் புத்தகத்தை மூடிவிடுவார். எல்லாக் கதைக்கும் அப்படித்தான்.

"யாரா இருக்கும்? நல்லா யோசிச்சு வைங்க. நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

அப்போதுதான் மணி அடித்தது.

அந்த ‘நாளை’ வரவேயில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமைதான் பள்ளி திறந்தது. வாரத்துக்கு ஒரு கதை என்பது பள்ளியின் கணக்கு. வாரம் போனால் கதையும் போய்விடும். பெரிய புத்தகம் பெட்டியில் ஏறி நூலகத்துக்கே திரும்பிவிட்டது. மிஸ் புதுக் கதையை ஆரம்பித்தார்.

பலகையில் குடிசை இருந்தது. சிறுமி இருந்தாள். சாம்பல் ஆளைக் காணவில்லை.

---

புதன்கிழமை லெம்பி கீழே இறங்கியபோது வகுப்பறையை அடையாளமே தெரியவில்லை. கூரையிலிருந்து சரிந்த பனி சன்னல்களை முழுக்க மூடியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சுவர். விளக்கு எரிந்தும், அறை முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல ஒரு நீல வெளிச்சம்.

ஆர்வோ கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். முதுகைச் சுவரில் ஒட்டி, முகத்தைச் சன்னல் பக்கம் வைத்திருந்தான்.

லெம்பி புதுப் புத்தகத்தைத் திறந்தாள். ஆர்வோ அதைப் பட்டென்று மூடினான்.

"தொறக்காத."

"ஏன்டா?"

அவள் மறுபடி திறந்தாள். அவன் மறுபடி மூடினான்.

பக்கத்து ஜோடியிலிருந்து எய்னோ எட்டிப் பார்த்தான். அவன் லெம்பியின் வகுப்பு.

"என்ன லெம்பி, உன் ஆளு புத்தகத்தை மூட மட்டும்தான் கத்துக்கிட்டானா? என் ஆளு முழுக் கதையும் படிச்சு முடிச்சிட்டான்."

"உன் ஆளு புத்தகத்தைத் தலைகீழா வச்சிருக்கான், பாரு."

எய்னோ திரும்பிப் பார்த்து, அவசரமாகப் புத்தகத்தை நேராக்கினான்.

ஆர்வோ லெம்பியின் சட்டைக் கையை இழுத்தான். அவள் குனிந்தாள். அவன் அவள் காதில் சொன்னான்: "தொறந்தா அது உள்ள வந்துரும்."

"எது?"

*டொக். டொக். டொக்.*

சன்னலிலிருந்துதான் வந்தது. மூன்றே தட்டு. அப்புறம் ஒன்றுமில்லை.

லெம்பிக்கு முழங்கை வரை சில்லிட்டது. அந்தப் பக்கம் ஆள் நிற்க இடமே இல்லை. பனி ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே இருந்தது.

"மிஸ், சத்தம் கேட்டுச்சா?"

"ஐஸ் கண்ணாடில மோதுது, கண்ணு. வருஷா வருஷம் இப்படித்தான்" என்றார் மிஸ்.

லெம்பி தலையாட்டினாள். ஆனால் ஐஸுக்கு மூன்று வரை எண்ணத் தெரியுமா என்று அவளுக்குள் ஒரு கேள்வி.

போகும்போது மிஸ் அவளைத் தனியாக அழைத்தார். "ஆர்வோ நேத்திலேருந்து எந்தப் புத்தகத்தையும் தொட மாட்டேங்கறான். அவ்ளோ நல்லா ஆரம்பிச்சவன்! அடுத்த புதனும் இப்படியே இருந்தா, அவனைத் தனியா உக்கார வச்சுதான் சொல்லித் தரணும். உனக்கு வேற ஜோடி குடுக்கறேன். சரியா?"

"எனக்கு வேற ஜோடி வேணாம், மிஸ்."

"தெரியும்மா. ஆனா அவன் படிக்கணுமே."

---

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை இடைவேளையில், ஒரு கட்டுக் காகிதம் எடுத்து வர லெம்பியைக் கீழே அனுப்பினார்கள். மழலையர் வகுப்பு காலியாக இருந்தது. பிள்ளைகள் சாப்பாட்டு அறையில் இருந்தார்கள். விளக்கு அணைந்திருந்தது. நீல வெளிச்சம் மட்டும் இருந்தது.

காகிதக் கட்டு பலகைக்குப் பின்னால் இருந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பலகையில், கதவுக்கு வெளியே, சாம்பல் ஆள் இருந்த இடம் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். பனியைத் தொட்டதுபோல இருந்தது.

*டொக். டொக். டொக்.*

காகிதத்தை எடுக்காமலே வாசல் வரை ஓடினாள். கைப்பிடியில் கை வைத்தாள். அப்போது ஏனோ திரும்பிப் பார்த்தாள்.

பலகையில் அந்தச் சிறுமி இன்னும் மூடிய கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஜனவரி பதினான்காம் தேதி நின்ற அதே இடம். அவளை யாரும் கதவைத் திறக்க விடவில்லை. அப்படியென்றால் தட்டியவர்?

தட்டியவரும் அன்றிலிருந்து வெளியேதான் நிற்கிறார். இந்தப் பனியில்.

லெம்பி வாசலிலேயே நின்று சன்னலைப் பார்த்தாள். பயம் போகவில்லை. ஆனாலும் அவள் நடந்து திரும்பி வந்து, காகிதக் கட்டை எடுத்துக்கொண்டுதான் போனாள்.

---

மறுநாள் அவள் புத்தகம் எடுத்து வரவில்லை. ஒரு வெள்ளைத் தாளும் தடித்த கறுப்புப் பேனாவும் மட்டும் கொண்டுவந்தாள்.

"ஆர்வோ, வெளிய நிக்கறது சாம்பல் ஆளா?"

அவன் அவளையே பார்த்தான். இதுவரை யாரும் அவனை இப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் 'அதெல்லாம் ஒண்ணும் இல்ல' என்றுதான் சொன்னார்கள். மெதுவாகத் தலையாட்டினான்.

"உள்ள வந்தா அது என்ன பண்ணும்?"

"தெரியல. மிஸ் சொல்லவே இல்ல. கதை முடியல. அதான் அது கதைக்குள்ள திரும்பப் போக முடியாம வெளிய நிக்குது."

"முடிவு எனக்கும் தெரியாதுடா. புத்தகமும் இங்க இல்ல. நீ சொல்லு, நான் எழுதறேன்."

"நானா?"

"நீதான். நீ சொல்றதை அப்படியே எழுதுவேன். ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்."

ஆர்வோ சன்னலைப் பார்த்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். லெம்பி பெரிய எழுத்துகளில் எழுதினாள்.

"டொக் டொக் டொக். யார் அங்கே? நான்தான். கதவைத் திற." நிறுத்தினான். "இப்ப அந்தப் பொண்ணு கேக்கறா. 'ஏன் தொறக்கணும்?'"

"நல்ல கேள்வி" என்று லெம்பி எழுதிக்கொண்டாள்.

"அது சொல்லுது. 'எனக்குக் குளிருது.'" அவன் குரல் இறங்கியது. "அவ்ளோதான். வேற ஒண்ணும் சொல்லல."

"அப்புறம்?"

"பொண்ணு கதவைத் தொறந்தா. கையுறை குடுத்தா."

"ரெண்டுமா?"

ஆர்வோ அவளை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அதுக்கு ஒரு கைதானே. தட்டற கை."

"ஆமால்ல. ஒண்ணே போதும்."

ஆர்வோ எழுந்தான். கோட்டுப் பையிலிருந்து தன் சிவப்புக் கையுறை ஒன்றை எடுத்தான். சன்னலுக்குக் கீழே இருந்த பெஞ்சில் ஏறினான்.

ஒரு வார்த்தையும் மாற்ற மாட்டேன் என்று சொன்னது லெம்பிதான். அவளும் ஏறினாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள். சன்னல் ஒரு கை அகலத்துக்கு உள்பக்கம் சாய்ந்தது. ஜில்லென்ற காற்று முகத்தில் அறைந்தது.

வெளியே பனிச்சுவர். அதில் சன்னலுக்கு நேராக ஒரு சின்னக் குழி இருந்தது. யாரோ முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்ததுபோல வழவழப்பான குழி. பூனை அளவுகூட இருக்காது.

ஆர்வோ அதற்குள் கையுறையை வைத்தான். லெம்பி சன்னலை மூடித் தாழ்ப்பாள் போட்டாள்.

"யாருப்பா அங்க சன்னலைத் தொறந்தது?" மிஸ்ஸின் குரல் வந்தது. "ஏற்கனவே நான் மூணு ஸ்வெட்டர் போட்டிருக்கேன்!"

"கதைக்காக, மிஸ்" என்றாள் லெம்பி.

மிஸ் கிட்டே வந்து, தரையில் கிடந்த தாளைப் பார்த்தார். பெஞ்சில் நின்றவனைப் பார்த்தார். திட்ட வாயெடுத்தவர் திட்டவில்லை.

"இதை யாரு சொன்னது?"

"நான்" என்றான் ஆர்வோ. இறங்கி உட்கார்ந்து, தாளை எடுத்து மடியில் வைத்தான். முதல் வார்த்தைக்கு அடியில் விரலை வைத்தான். "டொக். டொக். டொக். யார் அங்கே? நான்தான்..."

கடைசி வரி வரை விரல் நிற்கவில்லை. 'கையுறை' என்ற வார்த்தையில் மட்டும் ஒரு முறை தடுக்கியது. அது புது வார்த்தை. அவன் திரும்பப் பார்த்து, சொல்லிவிட்டான்.

வாசித்து முடித்ததும் எல்லாரும் சன்னலைப் பார்த்தார்கள். எய்னோகூடப் பார்த்தான்.

எந்தச் சத்தமும் இல்லை.

மிஸ் மெல்லச் சொன்னார். "அன்னிக்கு நான் கதையை முடிச்சிருக்கணும்."

"பரவால்ல மிஸ்" என்றான் ஆர்வோ. "நான் முடிச்சிட்டேன்." அப்புறம் கோட்டைக் கழற்றினான்.

---

லெம்பியின் ஜோடியை யாரும் மாற்றவில்லை. மிஸ் அதற்குப் பிறகு கதையைப் பாதியில் நிறுத்தினால், பிள்ளைகள் வீட்டுக்குப் போவதற்குள் அதை முடித்தும் விடுவார்.

ஏப்ரல் 29, புதன்கிழமை. பனி சன்னலுக்குக் கீழே இறங்கியது. லெம்பியும் ஆர்வோவும் தாழ்ப்பாளைத் திறந்து பார்த்தார்கள். வெளிவிளிம்பில் சிவப்புக் கையுறை இருந்தது. சுற்றிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையுறை காய்ந்திருந்தது. உள்ளே ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது.

ஆர்வோ அதை உதறினான். சாம்பல் ஆள் வந்து விழுந்தது.

"நீ வச்சியா?" என்று கேட்டாள் லெம்பி.

"இல்ல. நீ?"

"இல்ல."

மிஸ்ஸும் வைக்கவில்லை.

மிஸ் அதை வாங்கிப் பலகையில் ஒட்டினார். குடிசைக்கு உள்ளே, சிறுமிக்குப் பக்கத்தில். மறுநாள் ஆர்வோ இரண்டு கையிலும் சிவப்புக் கையுறை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தான்.