சந்தனம் இல்லாத குங்குமம்

விமானத்தில் ஒரு கோடு காணாமல் போயிருந்தது. சிரிக்காதீர்கள், சுந்தரராஜனின் நாலு வருஷக் கனவு அந்தக் கோட்டில்தான் தொங்கியது.

1971, பிரவுன்ஷ்வைக். ஆராய்ச்சியாளன் சுந்தரராஜனும் அவன் நண்பன் டீட்டரும் ஒரு கொட்டகையில் தங்கள் கையாலேயே கட்டிய இரண்டு இருக்கை விமானம் அது. புதன்கிழமை சுந்தரராஜன் ஒரேயடியாகச் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் ஒரு தடவையாவது அதில் பறந்துவிட மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்தான்.

காலை பத்து மணி. பறக்க அனுமதி தர வந்த பரிசோதகர் கொட்டகை ஜன்னல்களை மூடச் சொல்லி, விமானியின் இரவு விளக்கைப் போட்டார். கண் கூசாமல் இருக்க டீட்டர் புதிதாக மாட்டிய சிவப்பு விளக்கு. கருவிகளின் முள்ளெல்லாம் தெரிந்தது. விமானத்தின் மூக்கைச் சமமாக நிறுத்தும் ட்ரிம் நெம்புகோலின் நடுக்கோடு மட்டும் தெரியவில்லை; வெள்ளைத் தகடு வெறுமையாக இருந்தது. அனுமதி தர முடியாது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் காபி குடிக்கப் போனார்.

ஒளியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பாமா, நேற்று கொட்டகையில் நடந்த பூஜைக்கு வந்தவள், இன்றும் வந்திருந்தாள். ஜன்னலைத் திறந்தாள். கோடு அங்கேயே இருந்தது, ஆனால் சிவப்பாக! கறுப்புக் கோட்டின் மேல் யாரோ குங்குமத்தை எண்ணெயில் குழைத்து இழுத்திருந்தார்கள். சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளையும் சிவப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

முந்தின நாள் ஆயுத பூஜை. சுந்தரராஜனின் மனைவி வேதவல்லி கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு, கிண்ணங்களைக் கொட்டகையிலேயே விட்டுப் போயிருந்தாள். இவளுக்கு நான் பறப்பதே பிடிக்காது, இவள் வேலைதான் என்று சுந்தரராஜன் பொரிந்தான். பக்கத்திலேயே நின்றிருந்த வேதவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது.

பாமாவுக்குப் பொறுக்கவில்லை. "மத்த பொட்டெல்லாம் பாருங்க சார். அடியில சந்தனம், மேல குங்குமம். இந்தக் கோட்டுல மட்டும் வெறும் குங்குமம். வேதவல்லி தூக்கத்துல வச்சாலும் சந்தனத்தை விடமாட்டாங்க. இது பூஜை தெரியாத கை. ஆனா சிவப்பு லைட் தெரிஞ்ச கை."

தமிழ் தெரியாத டீட்டர், எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு தலை குனிந்தான். ஏன் என்று பாமா ஜெர்மனில் கேட்டாள்.

"இதில் பறக்காமல் அவன் ஊருக்குப் போகமாட்டான். இன்னும் ஒரு மாதமாவது இருப்பான் என்று நினைத்தேன்."

சுந்தரராஜன் முதலில் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டான். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் குங்குமத்தைத் துடைத்தான். கறுப்புக் கோடு வெளியே வந்தது. பரிசோதகர் மறுபடி விளக்கைப் போட்டுப் பார்த்து அனுமதி தந்தார்.

மாலையில் நண்பர்கள் இருவரும் பறந்துவிட்டுத் தரை சேர்ந்தார்கள். டீட்டர் விமானத்தை விட்டு இறங்கவேயில்லை. சுந்தரராஜன் மட்டும் பாமாவிடம் வந்தான்.

"ட்ரிம் பர்ஃபெக்ட் பாமா. கன்ட்ரோலைப் பிடிக்கவே வேண்டாம், தானா நேரா போகுது. கையை எடுடான்னு டீட்டர்கிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன். அவன் எடுக்கவே இல்ல."