இருநூற்று நாற்பது சொட்டு

பாய் சுவரோரம் இருந்தது. அதில் இருக்க வேண்டிய தீனதயாளன் ஆறடி தள்ளி, வாசற்கதவில் தலை முட்டிக் கிடந்தான். இரண்டு மாதத்துக்கு முன் ஒலக்கூர் மண்டியில் லாரியிலிருந்து மல்லாட்டை மூட்டையோடு விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவன். இடுப்புக்குக் கீழே நெருப்பு பட்டாலும் தெரியாது. இப்போது இரண்டு குதிகாலிலும் தோல் வழண்டு ரத்தம் கசிந்தது.

"நீதான இஸ்துக்கினு வந்து போட்ட?" என்றான், மாத்திரைத் தூக்கம் கலையாமல்.

"உங்கள இஸ்க்க கிரேன்தான் வரணும்!"

சிரித்தாள் பரிமளா. கால் அசைந்திருக்கிறது! புருஷன் எழுந்து நடப்பான்!

திண்டிவனத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுவது அவள் வேலை. முதுகெலும்பு அடிபட்ட எலிகளுக்கு அங்கே வல்லாரைச் சாறு கொடுத்தார்கள். சாகப்போகும் நரம்பைக் காப்பாற்றுமாம். கால் கிலோ எலிக்கு ஒரு சொட்டு. மண்டித் தராசில் அறுபது கிலோ நின்ற புருஷனுக்கு இருநூற்று நாற்பது. அவளே போட்ட கணக்கு. ஒரு மாதமாக அங்கிருந்து தினமும் எடுத்து வந்து, திருட்டுத்தனமாகக் கேப்பைக் கூழில் கலந்து ஊட்டினாள்.

அன்று ஆராய்ச்சிக்கூடத்தில், அந்தச் சோதனையை நடத்தும் சூர்யகலா மேடத்தின் முகம் வெளிறியிருந்தது.

"பரிமளா, அந்த மூணாம் கூண்ட பாரு. செத்து நாலு மணி நேரம் ஆவுது."

தொட்டாள். மல்லாந்து கிடந்த எலியின் தலையும் மார்பும் ஜில்லென்று விறைத்திருந்தன. பின்னங்கால்கள் மட்டும் தரையை உதைத்து உதைத்து, அந்தச் சின்ன உடலைத் தள்ளிக்கொண்டிருந்தன. கம்பியில் தலை மோதியது. டக். டக்.

"கீழ் நரம்பு மட்டும் தனியா பொழச்சிக்கினு இருக்குது. நல்ல வேள, எலியோட போச்சு. மனுசனுக்கு இந்த எடைக் கணக்கே ஆவாது. பல மடங்கு கொறைக்கணும்."

பரிமளா கை கழுவக்கூட நிற்கவில்லை.

ஒலக்கூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி மூன்று. மின்வெட்டு நேரம், தெருவில் ஒரு ரேடியோகூடப் பாடவில்லை. சாத்திய கதவின் இடுக்கு வழியே வல்லாரையின் பச்சை நெடியும், அதற்கடியில் புளித்த கூழின் வாடையும், அதற்கும் அடியில் பெயர் சொல்லத் தெரியாத வேறு ஏதோ ஒன்றும் கசிந்து வர, உள்ளே பாய் கிழிவதுபோல் ஓர் உராய்வு கேட்டது. பிறகு மரத்தில் ஒரு மோதல்.

சர்ரக். டக்.

"ஏங்க?"

சர்ரக். டக்.

"ஏங்க, பேசுங்களேன்!"

தள்ளினாள். கனமாக ஏதோ தடுத்தது. இடுக்கில் கையை விட்டாள். தலைமுடி. நெற்றி. ஜில்லென்று இருந்தது. விரல் நுனியில் திறந்த இமை.

தோளால் முட்டி உள்ளே நுழைந்தாள்.

விறைத்த கைகள். அசையாத மார்பு. உதைக்கும் கால்கள்.

அலறிக்கொண்டே அந்தக் கால்கள்மேல் விழுந்து இறுகக் கட்டிக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தன. பத்து விரல்களும் விரிந்தன. தரையைத் தேடின. ஊன்றின.

அவளையும் சேர்த்துத் தள்ளின.